வன்னிக்குப் போன நம்ம சனங்களும் பிள்ளைகளின் படிப்பும்



நம்ம தோட்டங்களில் எந்த லயத்துக் கதவைத் தட்டினாலும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லுவார்கள். மாமா மகன், சின்னம்மா குடும்பம், கட்டிக்கொடுத்த அக்கா என்று ஏதோ ஓர் உறவு. திருவிழாவுக்கும் கருமாதிக்கும் அவர்கள் மலைக்கு வரும்போது பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்கும். "உங்களுக்கு என்னப்பா, தமிழ் ஊரு, தமிழ் வாத்தியாரு. எங்க புள்ளைங்க மாதிரியா?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். வந்தவர் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பார். அவர் ஏன் பதில் சொல்லுவதில்லை என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒடுக்குமுறை என்றவுடன் அடி, உதை, வசவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் நம்மை இன்றைக்கு ஒருவரும் அடிப்பதில்லையே, பிறகு என்ன ஒடுக்குமுறை என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஸ்டாப் குவாட்டர்ஸ் பிள்ளை, ஒன்று லயத்துப் பிள்ளை. இரண்டும் ஒரே நாளில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகின்றன. ஒரே வினாத்தாள். ஆனால் முதல் பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசை, தனியாக ஒரு விளக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்துப் புரிந்துகொள்ளும் அப்பா. இரண்டாவது பிள்ளைக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, அதற்குள் அடுப்பு, அதற்குள் ஆறு பேர், பக்கத்து வீட்டு ரேடியோ. முடிவு வந்ததும் ஒன்றைக் கெட்டிக்காரன் என்கிறோம், மற்றதை மக்கு என்கிறோம்.

கொழுந்து மலையில் ஒருவருக்கு நல்ல நிரையையும் இன்னொருவருக்குக் கொழுந்தே இல்லாத நிரையையும் கொடுத்துவிட்டு, மாலையில் இரண்டு பேருடைய கொழுந்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்து, குறைந்தவரைச் சோம்பேறி என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? பிரட்டுக்களத்திலேயே சண்டை வந்துவிடும். படிப்பு விஷயத்தில் மட்டும் நாமே ஒத்துக்கொள்கிறோம். நல்ல நிரை கிடைத்தவர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவர் கஷ்டப்பட்டுத்தான் கொழுந்து பறித்தார். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது ஒரு சலுகை. கிடைத்தவருக்கு அது சலுகை என்று தெரிவதில்லை, தன் கெட்டித்தனம் என்றுதான் தோன்றும்.

நம்ம முன்னோர் நடந்து வந்த வழி

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வன்னியின் மேற்குப் பக்கமாகத்தான் அந்தப் பாதையின் ஒரு பகுதி போனது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில் அடங்காதவர்கள். 2023ஆம் ஆண்டு, இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் மறுபடியும் அந்த வழியே நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் அதில் நடந்துமிருப்பீர்கள்.

வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வெகு காலம் ஒருவரும் நினைக்கவில்லை. 1907இல் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. 1920இல் வந்த கல்விச் சட்டம்தான் தோட்டத்தில் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சொன்னது. பத்து வயது வரைக்கும்தான் என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேலே பிள்ளை படித்தால் மலைக்கு யார் வருவது? நடந்ததும் அப்படித்தான். ஒரு லயக் காம்பிராவையோ கொட்டகையையோ ஒதுக்கி, ஒரு வாத்தியாரைப் போட்டு, எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். பல இடங்களில் அந்த வாத்தியாரே கணக்குப்பிள்ளைக்குச் செக்ரோல் எழுதவும் உதவ வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அவர்கள் கற்றது அந்தக் கொட்டகையில்தான்.

1945இல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வித் திட்டம் இந்த நாட்டுக்கே பெரிய வரம். ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டரானதும் இஞ்சினியரானதும் அதனால்தான். ஆனால் கிராமத்துக்கு மத்திய மகா வித்தியாலயம் வந்தபோது தோட்டத்தில் அதே கொட்டகைதான் இருந்தது. 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் மிஷன் பாடசாலைகளையும் மற்றத் தனியார் உதவிபெறும் பாடசாலைகளையும் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்களை எடுக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களின் கடைசியில்தான் அவை ஒவ்வொன்றாக அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1945இல் ஆறு வயதாக இருந்த கிராமத்துப் பிள்ளை இலவசக் கல்வியில் படித்து, வேலைக்குப் போய், தன் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டது. அதே வயதுத் தோட்டத்துப் பிள்ளைக்கு 1977இல் முப்பத்தெட்டு வயது. ஒரு தலைமுறை முழுக்க அந்த இடைவெளியில் போய்விட்டது. இன்றைக்கு நம்ம வீடுகளில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று குறைப்படுகிறோமே, அந்த ஆள் அங்கேதான் காணாமல் போனார்.

ஏன் யாரும் கேட்கவில்லை? கேட்க வாக்கு இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலையிலிருந்து போன சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். தோட்டத்தில் பிறந்து, வாத்தியாராக இருந்து, கவிஞராகவும் பேரெடுத்தவர். அடுத்த வருடமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கு இல்லாத இடத்துக்கு ரோட்டும் வராது, பாடசாலையும் வராது. வாக்குக் கேட்டு வருகிறவரே வரமாட்டார். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு வடக்கின் பெரிய தலைவரான ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரவு கொடுத்தார். அதைப் பிழை என்று சொல்லிப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதே வருடம் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். ஆக, தமிழருக்குள்ளேயே நம்மை எப்படிப் பார்ப்பது என்பதில் அன்றைக்கே இரண்டு மனது இருந்தது. அந்த இரண்டு மனதையும் வன்னிக்குப் போன நம்மவர்கள் நேரிலே பார்த்தார்கள்.

வன்னியில் கிடைத்த நிலம்

வன்னிக்குப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. 1958 கலவரத்துக்குப் பிறகு கொஞ்சப் பேர் போனார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் கைமாறின. 1973, 74இல் பஞ்சம். அரிசியும் மாவும் இல்லாமல் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்ற காலம். பிச்சைக்கு ரோட்டுக்கு வந்தவர்களைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். அப்போது லொறியிலும் ரயிலிலும் வவுனியாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது இன்னும் பெரிய கூட்டம் போனது. என்னுடைய பெரியப்பா குடும்பமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

போனவர்களை ஏற்றுக் குடியமர்த்தியவர்களை மறக்கக் கூடாது. கட்டிடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், டாக்டர் எஸ். இராஜசுந்தரம் இரண்டு பேரும் தொடங்கிய காந்தியம் இயக்கம் வவுனியாவை மையமாக வைத்து மலையகக் குடும்பங்களைக் குடியேற்றியது, கிணறு வெட்டக் கைகொடுத்தது, பாலர் பாடசாலைகள் நடத்தியது. படித்த வடக்குத் தமிழர் தங்கள் வசதியை விட்டு வந்து காட்டுக் கொட்டிலில் நம்ம பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1983 ஏப்ரலில் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இராஜசுந்தரம் அதே வருடம் ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதோடு அந்த வேலையும் நின்றுபோனது. 1984இல் டொலர் பாம், கென்ற் பாம் என்ற இடங்களில் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த வருடமே நவம்பர் 30இல் அங்கே புதிதாகக் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த சிங்களவர்களும் கொல்லப்பட்டார்கள். 1977இல் தோட்டத்தில் முதலாம் வகுப்புப் படித்த பிள்ளை, 84இல் எட்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியது, எத்தனை முறை புத்தகத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கும்!

சரி, நிலம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது. எந்த நிலம் என்பதுதான் கேள்வி. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாய்கிற வயல்காணிகள் குடியேற்றத் திட்டங்களின் கீழ் முன்னாலேயே பங்கிடப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கே அதில் பெரும்பகுதி. பிறகு வந்த நம்மவர்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் எட்டாத மேட்டுநிலம், காடு. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், தருமபுரம் என்று இன்றைக்கு ஊர்ப்பெயராக இருக்கும் பல இடங்களில் மலையகத்திலிருந்து போனவர்கள்தான் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். வெட்டினவர்கள் கையில் பத்திரம் இல்லை. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமானால் முதலில் நாட்டின் பிரஜை என்று காட்ட வேண்டும். நாடற்றவருக்கு அது குதிரைக்கொம்பு.

காணிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எல்லாச் சம்பந்தமும் உண்டு. தண்ணீர் இருந்தால் இரண்டு போகம் விளையும். பத்திரம் இருந்தால் பாங்கில் கடன் எடுக்கலாம். இரண்டும் இல்லாதவர் அடுத்தவர் வயலில் நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போவார். அறுப்புக்கு மெசின் வந்த பிறகு அந்தக் கூலியும் குறைந்துவிட்டது. பிறகு மணல் ஏற்றுவது, கல் உடைப்பது, விறகு வெட்டுவது. வேலை எங்கேயோ அங்கே குடும்பம் போகும். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று மாதம் நிற்கும். திரும்பி வந்தால் வகுப்பில் பாடம் எங்கேயோ போயிருக்கும். வெட்கத்தில் பிள்ளை தானாகவே நின்றுவிடும். "புள்ளைக்குப் படிப்புல மனசு இல்ல" என்று நாம் சொல்லிவிடுவோம்.

பேச்சைக் கேட்டுச் சிரித்த வகுப்பு

பெரியப்பாவின் பேத்தி ஒருத்தி, எனக்கு மகள் முறை, ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளியிலிருந்து கொஞ்சம் பெரிய பாடசாலைக்குப் போனாள். முதல் நாள் வாத்தியார் பேர் கேட்டாராம், அடுத்ததாக "எந்த இடம்?" என்று கேட்டாராம். ஊர்ப்பேரைச் சொன்னதும் வகுப்பில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் "வாங்க, போங்க" என்று பேசினதற்குச் சிரித்தார்கள். ஒரு தவணை முடிவதற்குள் அவள் பாடசாலையில் "வாங்கோ, போங்கோ", "ஓம்" என்று பேசவும், வீட்டுக்கு வந்ததும் பழையபடி பேசவும் பழகிக்கொண்டாள். கெட்டிக்காரி. ஆனால் யோசித்துப் பாருங்கள், மற்றப் பிள்ளைகள் கணக்குப் படித்த நேரத்தில் இவள் பேச்சை ஒளிக்கப் படித்திருக்கிறாள்.

நம்மைச் சொல்ல வைத்திருக்கும் பெயர்களை நான் இங்கே எழுத விரும்பவில்லை என்றாலும் எழுதத்தான் வேண்டும். தெற்கில் கள்ளத்தோணி. வடக்கில் வடக்கத்தியான், தோட்டக்காட்டான். வன்னியில் பிறந்து, தோட்டத்தைக் கண்ணாலும் காணாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த வழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பாடசாலையில் பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். தரையில் உட்கார வேண்டும், அல்லது பாடசாலைக்கே வரக்கூடாது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிற்பாடு வாலிபர் காங்கிரஸ் என்று பேர்பெற்றது, இதை எதிர்த்துப் பேசியது. 1930 அளவில் உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை போட்டது. போட்டதும் என்ன நடந்தது தெரியுமா? சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பெஞ்சுக்காகப் பள்ளிக்கூடத்தையே எரிப்பதா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். எரித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பெஞ்சில் சமமாக உட்கார்ந்த பிள்ளை நாளைக்கு வயலிலும் கந்தோரிலும் சமமாக நிற்கும் என்று. படிப்பில் கிடைக்கிற இடம்தான் சமுதாயத்தில் கிடைக்கிற இடம். அதனால்தான் மேலே இருப்பவர்கள் பள்ளிக்கூட வாசலிலேயே காவல் நிற்கிறார்கள்.

வன்னியின் பூர்வீகச் சனத்தையும் யாழ்ப்பாணத்தார் ஒரு காலத்தில் பட்டிக்காட்டார் என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பூர்வீகச் சனத்திலும் சிலர் நம்மைப் பார்த்து அதையே சொன்னார்கள். நல்லவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. கஷ்ட காலத்தில் கிணற்றையும் சோற்றையும் பகிர்ந்தவர்கள் அவர்கள்தான். மலைநாட்டுப் பாடசாலைகளில் எத்தனை வருடம் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு ஆசிரியர்கள் குளிரில் இருந்து படிப்பித்தார்கள்! பலர் முதல் மாற்றம் கிடைத்ததும் ஊருக்குப் போனார்கள், அதுவும் உண்மை. கிளிநொச்சியிலும் அதே கதைதான்: காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஆசிரியர் மாலை வகுப்பு வைக்க நிற்க முடியாது. உட்புறத்துச் சின்னப் பாடசாலைக்கு வரவே விரும்பமாட்டார். மலையகத்தில் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. நம்ம பிள்ளைகளே படித்து நம்ம பாடசாலைகளுக்கு ஆசிரியராக வந்த பிறகு வித்தியாசம் தெரிகிறது.

போர்க் காலத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. இடம்பெயர்வு, மரத்தடி வகுப்பு, பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் பதினாறு வயதில் நடந்த கலியாணங்கள், 2009இல் முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம். உயிரோடு வந்தவர்களில் பலர் பத்திரம் ஒன்றும் இல்லாமல் வந்தார்கள். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது நம்ம கையில் உள்ள விஷயம்.

மாவட்டக் கோட்டா யாருக்கு?

பல்கலைக்கழக அனுமதி பற்றிப் பெற்றார் அடிக்கடி கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்று ஒன்று வந்தது. முதலில் மொழியைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிகப் புள்ளி கேட்டார்கள். அது பச்சை அநியாயம். பிறகு மாவட்ட அடிப்படை வந்தது. இப்போதுள்ள முறைப்படி பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசையில். 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் அந்தப் பட்டியலில் உள்ளன. நம்ம நுவரெலியா, பதுளை, இரத்தினபுரியும் உள்ளன.

அதாவது கொழும்பில் மருத்துவத்துக்குப் போக வேண்டிய புள்ளியைவிடக் குறைந்த புள்ளியில் கிளிநொச்சிப் பிள்ளையோ நுவரெலியாப் பிள்ளையோ போகலாம். நல்ல ஏற்பாடு. நான் இதை ஆதரிக்கிறவன். ஆனால் மாவட்டம் என்றால் யார்? கிளிநொச்சி நகரத்தில் ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையில் படிக்கிற உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையும் அந்த மாவட்டம், மேட்டுநிலத்துக் கூலிக்காரர் பிள்ளையும் அந்த மாவட்டம். காகிதத்தில் இருவரும் பின்தங்கியவர்கள். உள்ளே போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பாடசாலையில் ஏ.எல். இல்லை, இருந்தாலும் கலைப் பிரிவு மட்டும்தான். பௌதிகவியல் டியூசனுக்கு நகரத்துக்குப் போக பஸ் காசும் வேண்டும், இருட்டில் திரும்பி வரத் துணையும் வேண்டும். வசதியுள்ளவர்கள் வெளி மாவட்டத்திலிருந்து வந்து பிள்ளையை இந்த மாவட்டப் பாடசாலையில் பதிந்து வைத்துக் குறைந்த புள்ளியைப் பயன்படுத்தப் பார்த்த கதையும் நாட்டில் பல முறை பேசப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நாமே அதைப் பற்றிக் கூச்சல் போட்டிருக்கிறோம்.

வன்னியில் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். குடிசன மதிப்பில் பலர் தங்களை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டார்கள். 1977ஐக் கண்டவர்கள் அப்படிப் பதிந்ததில் ஆச்சரியம் இல்லை; பிள்ளைக்காவது அந்தப் பெயர் வேண்டாம் என்ற எண்ணமும் உண்டு. நாட்டில் 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம் என்று குறைந்ததற்கு இந்தியாவுக்குப் போனவர்கள்தான் பெரிய காரணம். பதிவு மாறியதும் ஒரு காரணம். பதிவில் இல்லாதவர்களுக்கு என்ன குறை என்று எந்தக் கந்தோரும் தேடிப் பார்க்காது. மலையகத்துக்கு என்று வரும் உதவி வன்னிக்குப் போகாது, வன்னிக்கு வருவது மேட்டுநிலத்துக்கு ஏறாது.

நம்ம லயத்துக்குள்ளே

அடுத்தவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம்மைப் பற்றி எழுதாமல் விட்டால் அது ஒரு பக்கக் கதை. பழைய நாளில் பெரிய கங்காணியின் பிள்ளை டவுன் பாடசாலைக்குக் குதிரை வண்டியில் போகும், அவருக்குக் கடன்பட்டவரின் பிள்ளை கூடையைத் தூக்கும். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது, ஆனால் யார் வீட்டுப் பிள்ளை முன்னுக்கு உட்காரும் என்ற புத்தி ஒழியவில்லை. பணிய லயம், மேட்டு லயம் என்று இன்னமும் சாதி பார்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் நம்ம பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்டுக் கண் கலங்கினவர்கள், பக்கத்து லயத்துப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பொம்பிளைப் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஓ.எல். வரை வந்த பிள்ளையைத் தம்பியைப் பார்க்க, அம்மாவுக்குச் சமைக்க என்று நிறுத்துகிறோம், அல்லது கொழும்பு வீட்டு வேலைக்கோ கார்மென்ட்டுக்கோ அனுப்புகிறோம். அவளுடைய சம்பளத்தில் தம்பி டியூசனுக்குப் போகிறான். அந்த டியூசன் அவனுக்குச் சலுகை என்று அவனுக்குத் தெரியாது. சட்டத்தின்படி ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். 1998இல் பதினான்கு வயது வரை என்று இருந்ததை 2016இல் பதினாறாக உயர்த்தினார்கள். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

பழைய பெட்டியில் இருக்கும் காகிதம்

இனி நம்ம கையில் உள்ள வேலை. பிள்ளையின் படிப்பு பல இடங்களில் காகிதத்தில் வந்து தட்டுப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை இழுபறி. அடையாள அட்டை இல்லாவிட்டால் ஓ.எல். பரீட்சை மண்டபத்து வாசலில் தொல்லை. சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், பத்திரம் எடுக்கிற வேலையைக் கூடவே பார்க்கலாம். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. கிராம அலுவலரிடமும் பதிவாளரிடமும் கேட்கத் தயங்க வேண்டாம். அவர்கள் சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

வன்னியிலிருந்து வரும் உறவினருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ பிறந்தது இங்கே, நம்ம தோட்டத்தில். பிறப்புப் பதிவு இங்குள்ள பிரதேச செயலகத்தில் இருக்கும். அவர்களுடைய பிரதி காட்டில் நனைந்தும் போரில் எரிந்தும் போயிருக்கும். மூலப் பதிவு இங்கேதான். பேர், தகப்பன் பேர், தோட்டம், டிவிசன், ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம்.

பிரஜாவுரிமை விஷயமாகவும் ஒன்று. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டார்கள். அந்தப் பிரிவினையில் எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்காக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் அது பிரஜாவுரிமை தருகிறது. ஆனால் 64இல் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று ஒரு கந்தோரில் கேட்டால், வன்னியில் இருக்கிறவர் எதைக் காட்டுவார்? அத்தாட்சி தோட்டத்தில் இருக்கிறது. பழைய செக்ரோல், சேமலாப நிதி அட்டை, அரிசிக் கூப்பன் புத்தகம், பிள்ளைக் காம்பிரா இடாப்பு, தோட்டப் பள்ளிக்கூட இடாப்பு, கோயில் அல்லது சேர்ச்சில் எழுதின கலியாணப் பதிவு, எல்லாமே உதவும்.

ஆகவே வீட்டைக் கூட்டித் துடைக்கிறபோதும், லயத்தை உடைத்துப் புது வீடு கட்டுகிறபோதும், தாத்தாவின் தகரப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் காகிதத்தை அடுப்பில் போடாதீர்கள். போன வருடம் ஒரு டிவிசனில் அப்படி ஒரு மூட்டை வெந்நீர் காயப் போனதை நான் போய்ச் சேருவதற்குள் எரித்து முடித்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் ஆள் பிடித்து வாசித்துச் சொல்கிறோம். வன்னியிலிருந்து சொந்தக்காரர் வருவதாகத் தகவல் வந்தால், பிள்ளைகளின் பேரையும் பிறந்த திகதியையும், தாய் தகப்பன் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கிழமை நாளில் வரச் சொல்லுங்கள். சனி ஞாயிறில் கச்சேரி திறக்காது.